பறவை விதைத்த கன்றுகளை வெட்டாதிருக்க நான்காவது முறையாக ஒரு மனு

அனுப்புநர்: ஹட்டி (படகர் சிற்றூர்) ஊர்மக்கள், கோத்தகிரி வட்டம், நீலகிரி.

பெறுநர்: உயர்திரு வன அலுவலர் அவர்கள்.

பொருள்: கைவிடப்பட்ட உருளைக்கிழங்கு நிலத்தில் முளைத்த சோலைக்காட்டு மரக்கன்றுகளைக் களைவெட்டிலிருந்து காக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மனுக்கள் மூன்று.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். லாங்வுட் சோலைப் பக்கமிருந்து எங்கள் ஹட்டிக்கு இறங்கும் பாதையில், பழைய தண்ணீர்த் தொட்டிக்கு மேலுள்ள படிக்கட்டு நிலங்களைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். உருளைக்கிழங்கு கட்டுப்படியாகாமல் பட்டாதாரர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் போனபின் அவை தரிசாகக் கிடந்தவை.

1. அவர்கள் சம்மதத்தோடு 2019-இல் அங்கே 30 மூங்கில் கம்புகளை நட்டுக் குறுக்குக் குச்சி கட்டினோம். காய்கறித் தோட்டத்தில் பறவைகள் உட்கார்ந்து புழுவைப் பிடிக்க வைக்கும் அதே பறவைத் தாங்கிதான். உட்கார ஒரு கொம்பில்லாத வெட்டவெளியில் கொண்டைக்குருவி தங்காது. தங்கினால்தான் எச்சம் விழும், எச்சத்தில் விதை விழும்.

2. குருவிக்கு நல்ல விதை, கெட்ட விதை தெரியாது. உண்ணிச்செடி என்ற அயல்நாட்டுக் களையின் பழத்தையும் தின்றுவிட்டு வந்து போடும். ஆகவே ஒவ்வொரு தாங்கியின் அடியிலும் அடர்ந்து படரும் கிக்குயு என்ற அயல்நாட்டுப் புல்லை விலக்கி, உண்ணி நாற்றை மாதந்தோறும் கையால் பிடுங்கினோம். ஊசிக்களாவும் தவிட்டுப்பழமும் முதலில் வந்தன. பிறகு நாவல். ஐந்து ஆண்டில் முழங்கால் உயரம். சோலை மரம் அவ்வளவு மெதுவாகத்தான் வளரும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

3. சென்ற ஆண்டு உண்ணிச்செடி அகற்ற ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்தார்கள். அகற்றட்டும், நாங்களே கேட்டதுதான். ஆனால் புல்வெட்டும் இயந்திரத்தை ஒரு கோடியில் இயக்கி மறுகோடியில்தான் நிறுத்தினார்கள். நாவல் கன்று 64 இருந்தன. மாலையில் எண்ணியபோது ஒன்பது. தாங்கிகளைப் பிடுங்கித் தேநீர் காய்ச்ச எரித்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர் வெட்டுண்ட கன்றுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. ஐயா, உண்ணியைத் தரைக்கு மேலே வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும், வேரோடு எடுக்க வேண்டும். அதைக்கூடச் செய்யவில்லை. வெட்டிய உண்ணி இரண்டே மாதத்தில் எழுந்துவிட்டது. வெட்டிய நாவல் எழவில்லை.

4. எங்கள் பட்டா நிலத்தில் ஒரு மரத்தை வெட்ட, 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி எங்களை நடையாய் நடக்கவிடுகிறீர்கள். நடக்கிறோம். கன்றை வெட்டியவரை ஒரு வார்த்தை கேட்க எந்தச் சட்டமும் இல்லையா?

5. மூன்று மனு கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. லாங்வுட் சோலை 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததற்குப் பெருமைப்பட்டோம். அந்தச் சோலைப் பறவை பக்கத்து நிலத்தில் விதைப்பதைக் காப்பாற்ற ஒரு கடிதம் எழுதக்கூடவா நேரமில்லை? மன்னிக்கவும்.

6. ஐப்பசி மழைக்கு முன் மீண்டும் களைவெட்டு என்று கேள்விப்படுகிறோம். தயவுசெய்து இயந்திரம் வேண்டாம். உண்ணியை மட்டும் வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். மீண்டும் தாங்கி நட எழுத்துபூர்வமாக அனுமதியுங்கள்.

மிஞ்சிய ஒன்பது கன்றுகளுக்கும் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். ஆட்கள் வருவதற்கு முதல்நாள் தகவல் சொன்னால் போதும். எங்களில் ஒருவர் கூடவே நின்று காட்டுவார். தயவுசெய்து முதல்நாளே சொல்லுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஹட்டி ஊர்மக்கள்
(41 கையொப்பங்கள் பின்பக்கத்தில்)