கிலோவுக்கு நிறுக்க முதல் ஒருக்கா கழட்டிப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எங்கட நாவற்குடாப் பக்கம் பழைய இரும்பு எடுக்கிற லொறி ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு அடிக்கடி வரும். ஒரு நாள் அதுக்குள்ள ஒரு பழைய வெஸ்பா, ஹேண்டில் மட்டும் வெளியில நீட்டிக்கொண்டு கிடந்திச்சு. பொடியில பெரிசா கறளும் இல்ல. வீட்ட வந்து பாத்தா அம்மாவும் அதே லொறிக்காரனிட்ட எங்கட அம்மப்பாட பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்கு விலை கேட்டு வைச்சிருக்கா, கிலோக் கணக்கில!

அந்த வண்டி 2004 டிசம்பர் 26 அண்டைக்கு கல்லடிக் கடற்கரை வீட்டில நிண்டது. தண்ணி வடிஞ்ச பிறகு மதிலோட சாஞ்சு கிடந்ததை அம்மப்பா எடுத்துக் கழுவித் துடைச்சு நிப்பாட்டினார், மறுகா ஸ்டார்ட் பண்ணவே இல்ல. ஏனெண்டு நாங்களும் கேக்கல்ல. இப்ப அவரும் இல்ல.

கூட்டாளிமார் மூண்டு பேர் சேந்தம். ஒருத்தன் போட் எஞ்சின் திருத்துறவன், அதுவும் பெற்றோலோட ஓயில் கலந்து ஓடுற டூ ஸ்ட்ரோக் எஞ்சின் தானே எண்டு தைரியம் தந்தவன் அவன்தான். மற்றவன் வங்கியில வேலை, டோர்ச் பிடிக்கிறதும் வீடியோ எடுக்கிறதும் அவன்ட பொறுப்பு. முதல் பிஸ்டன் அசையவே இல்ல, பிளக் ஓட்டையால டீசலை ஊத்தி ஒரு கிழமை விட்டு, பிறகு பலகைத் துண்டு வைச்சுத் தட்டித்தான் எடுத்தம். எஞ்சினை ரெண்டாப் பிளந்தா உள்ளுக்க இருந்து கடல் மண் கொட்டுது ஐயா, சாக்கில நல்ல மாவு மாதிரி வெள்ளை மண், ஒருத்தரும் கொஞ்ச நேரம் கதைக்கல்ல.

கேஸிங்கில இருந்து பேரிங் கழண்டு வரல்ல. சுத்தியலைத் தூக்கின நேரம் காத்தான்குடியில இருந்து வந்த காக்கா, பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டோவிலயே காலம் போன மெக்கானிக், "தம்பி அத வைங்க, சூடு காட்டுங்க" எண்டார். கேஸிங் அலுமினியம், பேரிங் உருக்கு, சூட்டுக்கு அலுமினியம் கூட விரியும். அடுப்பில சூடாக்கி பலகையில ஒரு தட்டுத் தட்ட தானா விழுந்திச்சு. அடிச்சிருந்தா கேஸிங் வெடிச்சு அதோட கதை முடிஞ்சிருக்கும். கியருக்குள்ள வாற ஊசி மாதிரி ரோலரில ஒண்டு மண்ணில விழுந்து ஒரு பின்னேரம் முழுக்கத் தேடினம், கடைசில உடைஞ்ச ஸ்பீக்கர் காந்தத்தைக் கயித்தில கட்டி இழுத்துத்தான் எடுத்தம். மறுகா ரோலரெல்லாம் கிரீஸ் பூசி ஒட்டித்தான் வைச்சது. கரி அடைச்ச சைலன்சரை சிரட்டை நெருப்பில போட்டு எரிச்சம், அதுக்கு அயல் வீட்டில வாங்கின பேச்சு வேற கதை.

பிழைச்ச இடத்தையும் சொல்லத்தானே வேணும். சிலிண்டரை போர் பண்ண, அதாவது உள்பக்கத்தைக் கடைஞ்சு பெருப்பிக்கக் குடுக்கேக்க புதுப் பிஸ்டனைக் கொண்டு போகாம சைஸை மட்டும் வாயால சொல்லிட்டு வந்திட்டம், லேத் கடையில பிஸ்டன் எங்க எண்டு கேக்கவும் இல்ல, இறுக்கமா வெட்டிக் குடுத்தாங்க. முதல் ஓட்டம், கல்லடிப் பாலத்துக்கு நடுவில போகேக்க பின் சில்லு கீச்செண்டு இறுகிச்சு. கிளச்சைப் பிடிச்சதால தப்பினன். பிஸ்டன் சூட்டில விரிய இடமில்லாம சிலிண்டரைக் கவ்விப்போட்டு. திருப்பிக் கழட்டி, பிஸ்டனையும் கையில குடுத்து, பக்கத்தில நிண்டு அளந்து வெட்டுவிச்சுப் பூட்டின பிறகு இப்ப ஒழுங்கா ஓடுது. பெற்றோல் லீட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஓயில், கூட ஊத்தினா புகைதான் மிச்சம்.

காசெண்டு பாத்தா சாமானுக்குப் போனது பெரிசில்ல. 2020இல வாகன இறக்குமதிய நிப்பாட்டின பிறகு விலை ஏறின ஏத்தத்துக்கு, ஓடக்கூடிய வண்டிய இரும்பு விலைக்குக் குடுக்கிறது எனக்கெண்டா விளங்கல்ல. காக்கா மாதிரி ஆக்கள் இருக்கேக்கயே கழட்டிப் பாருங்க எண்டுதான் உங்கட வாசகர்மாருக்குச் சொல்றன். கழட்டாட்டியும் பரவாயில்ல, வண்டிட பதிவுப் புக்கை மட்டும் எறிஞ்சிராதீங்க. அம்மப்பா புக்கை பொலித்தீனில சுத்தி அலுமாரிக்கு மேல்தட்டில வைச்சிருந்ததால நாங்க தப்பினம்.

ஆனா இன்னும் அவர்ட பேரிலதான் கிடக்கு. செத்த ஆள்ட பேரில உள்ள வண்டிய பிள்ளைகள்ட பேருக்கு எப்பிடி மாத்துறது, என்னென்ன கடுதாசி வேணும், இத்தனை வருசம் கட்டாத வரிப்பத்திரத்துக்கு என்ன செய்யிற எண்டு கேட்டா ஒரு இடத்தில ஒண்டு சொல்றாங்க, அடுத்த இடத்தில வேறொண்டு. புது போன் வந்தா அரைப் பக்கம் எழுதுறீங்க தானே ஐயா, இதையும் உரிய ஆக்களிட்ட விசாரிச்சு விளங்கிற தமிழில ஒருக்கா போட்டு விடுங்க. அதுமட்டும் வண்டிய வளவுக்குள்ளதான் சுத்திக்கொண்டிருக்கிறம், அம்மா கோழிக்கூட்டைத் தள்ளி வைச்சுத் தந்திருக்கா.

இப்படிக்கு,
நாவற்குடா வாசகன்,
மட்டக்களப்பு.