வண்ணக்கல் விற்பவர்களுக்கு: பில்லில் இன்னும் ஒரு வரி எழுதுங்கள்

வணக்கம்.

மாணிக்கம், நீலம், மரகதம், ஸ்பினல் என்று வண்ணக்கற்களை விற்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நான் பல வருடங்களாகக் கல் வாங்கிச் சேர்க்கிறவன். கையில் பெரிய பணம் கிடையாது. ஒரு கல்லுக்காக மாதக்கணக்கில் காசு சேர்த்து, வாங்கிய பிறகு இரவில் அதை எடுத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆள். லென்ஸைப் பிடிக்கவே உங்களில் ஒருவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அந்த உரிமையில் கேட்கிறேன். கல்லுக்கு என்னென்ன செய்திருக்கிறது என்பதை, நாங்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், பில்லில் எழுதிக் கொடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், ஒரு மாணிக்க மோதிரம். "நேச்சுரல் ரூபி" என்று சொல்லி விற்றார்கள். பில்லிலும் அந்த இரண்டு வார்த்தைதான். நல்ல சிவப்பு, பார்க்கச் சுத்தமான கல். இரண்டு வருடம் கழித்து மோதிரம் விரலில் இறுக ஆரம்பித்ததும், பத்தரிடம் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னேன். மாணிக்கம்தானே, சூடு தாங்கும் என்று அவர் கல்லைக் கழற்றாமலே நெருப்பைக் காட்டிப் பற்றவைத்தார். அப்புறம் கறை போக அமிலக் கரைசலில் போட்டு எடுத்தார். திரும்பி வந்த கல்லின் முகமெல்லாம் வெள்ளைக் கோடுகள்.

10 மடங்கு லென்ஸில் பார்த்தேன். கோடு என்று நினைத்தது ஒவ்வொன்றும் பள்ளம். உள்ளே அரிபடாமல் தப்பிய விரிசல்களில், கல்லைச் சற்றே சாய்த்தபோது நீலமாக ஒரு மினுக்கம் ஓடியது. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் அது ஆரஞ்சாக மாறியது. நடுநடுவே காற்றுக் குமிழிகள், சில உருண்டையாக, சில நசுங்கித் தட்டையாக. விரிசல் மண்டிய மட்டமான குருந்தக்கல்லில் (மாணிக்கமும் நீலமும் இந்தத் தாதுவின் வகைகள்தான்) ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பியிருக்கிறார்கள். 2004 வாக்கில் சந்தைக்கு வந்த முறை இது. இந்தக் கண்ணாடியை எலுமிச்சைச் சாறுகூட அரித்துவிடும். பத்தர்மேல் ஒரு தப்பும் இல்லை. பில்லில் "கண்ணாடி நிரப்பியது" என்று எழுதியிருந்தால் அவர் கல்லைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் நெருப்பைத் தொட்டிருப்பார்.

விற்றவரிடம் போய்க் கேட்டேன். "பூமியிலிருந்து தோண்டி எடுத்த கல்தானே, அப்போ நேச்சுரல்தான்" என்றார். அந்த வார்த்தைதான் என்னை இந்த மடல் எழுத வைத்தது. 1902இல் வெர்னுயி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அதற்குப் பிறகு வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, கல் பூமியில் விளைந்ததா உலையில் விளைந்ததா என்பது. "நேச்சுரல்" என்ற சொல் அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில். பூமியிலிருந்து வெளியே வந்த பிறகு கல்லை யார் சுட்டார்கள், எதை ஊற்றினார்கள், எந்த எண்ணெயில் ஊறவைத்தார்கள் என்பதற்கு அதில் பதிலே இல்லை.

சூடு காட்டிய கல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்தைக்கு வரும் நீலத்திலும் மாணிக்கத்திலும் பெரும்பாலானவை சூடு பட்டவைதான். என்னிடம் இருப்பவற்றிலும் பாதி அப்படி. 1970களில் இலங்கையின் கியூடா கற்களைத் தாய்லாந்தில் சுட்டு நீலமாக்கினார்கள். பாலைப் போல மங்கிக் கிடந்த அந்தக் கற்களை யாரும் மதித்ததில்லை. 1,500 டிகிரிக்கு மேல் போகும்போது உள்ளே இருக்கும் ரூட்டைல் என்ற டைட்டானியம் தாதுவின் மெல்லிய ஊசிகள் கரைந்து, அவற்றின் டைட்டானியம் கல்லிலிருக்கும் இரும்போடு சேர்ந்து நீலம் பிறக்கிறது. அந்த நிறம் போகாது. எனக்கு அது அழகான வேலையாகத்தான் படுகிறது. ஆனால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு நீலங்களில், சூடு படாததற்கு விலை பல மடங்கு என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியிருக்க, சொல்லாமல் விடுவதை மறதி என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"சூடு பட்டது" என்று மட்டும் எழுதினாலும் போதாது. 2001, 2002இல் பத்பராட்சா என்ற அபூர்வக் கல்லைப் போன்ற ஆரஞ்சு நிறத்தில் நீலக்கல் இனக் கற்கள் திடீரென்று வந்து குவிந்தது நினைவிருக்கும். சுடும்போதே வெளியிலிருந்து பெரிலியம் என்ற தனிமத்தை ஊடுருவவிட்டு அந்த நிறத்தைக் கொண்டுவந்தார்கள் என்பதைப் பரிசோதனைக் கூடங்கள் பிறகுதான் கண்டுபிடித்தன. அதனால், அந்த நிறக் கல்லை அதற்கு முந்தைய பழைய ரிப்போர்ட்டோடு காட்டி விற்காதீர்கள். மறுபடி ஒரு முறை பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

மரகதத்தின் கதை வேறு. விரிசல் இல்லாத மரகதம் அபூர்வம், எண்ணெய் போடுவது பழைய வழக்கம். அதில் எனக்கு வருத்தமில்லை. எண்ணெயா பிசினா, கொஞ்சமா நிறையவா என்பதைச் சொல்லிவிடுங்கள். அதைத் தெரியாமல் அல்ட்ராசோனிக் கிளீனரில் (ஒலி அதிர்வால் நகையைச் சுத்தம் செய்யும் கருவி) போட்டு எடுத்தால் எண்ணெய் வெளியேறி, மறைந்திருந்த விரிசலெல்லாம் வெள்ளையாக எழுந்து நிற்கும்.

பெயரையும் அதே பில்லில் ஒழுங்காக எழுதுங்கள். புகை நிறக் குவார்ட்ஸை "ஸ்மோக்கி டோபாஸ்" என்று சொல்வது இன்னும் நிற்கவில்லை. இங்கிலாந்து அரச மகுடத்தின் முன்பக்கம் இருக்கும் "கறுப்பு இளவரசரின் மாணிக்கம்" உண்மையில் ஸ்பினல், மாணிக்கத்தைப் போலவே சிவப்பாகத் தெரியும் வேறு இனக் கல். அது, இரண்டையும் பிரித்தறியும் வழி சரியாக இல்லாத காலத்தில் வந்த பெயர். இன்று அந்தச் சாக்கு யாருக்கும் இல்லை. (ஸ்பினல்மேல் எனக்குத் தனிப் பிரியம். பெரும்பாலும் தோண்டி எடுத்து பட்டை தீட்டினால் போதும், வேறெதுவும் செய்யாமலே கைக்கு வந்துவிடும் கல்.)

இதெல்லாம் நான் புதிதாகக் கேட்பதும் இல்லை. உலக நகை வணிகக் கூட்டமைப்பான சிப்ஜோவின் விதிகளே கல்லுக்குச் செய்ததைச் சொல்லச் சொல்கின்றன. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழிகாட்டியும், நிலைக்காத, தனிப் பராமரிப்பு வேண்டிய, விலையைப் பெரிதும் பாதிக்கிற செயல்முறைகளைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. விதி இருக்கிறது, மேசைவரை வந்து சேரவில்லை.

இன்னொன்று, விளக்கு. கல்லை ஸ்பாட்லைட்டிலிருந்து எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்க்க விடுங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் எந்த மாணிக்கமும் கொழுந்துவிட்டு எரியும். வீட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கும்போது மனம் வாடிப்போகிறது.

எங்கள் பக்கமும் தவறு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். "எவ்வளவு குறைப்பீர்கள்" என்று கேட்கும் வேகத்தில் பாதிகூட "என்ன செய்திருக்கிறது" என்று கேட்பதில்லை. நேர்மையாகச் சொல்கிற வியாபாரியை விட்டுவிட்டு, சொல்லாமல் மலிவாகக் கொடுப்பவரிடம் ஓடுகிறோம். அப்படிச் சொல்லி வாடிக்கையாளரை இழந்தவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் எல்லோருமே எழுத ஆரம்பித்தால் அந்த நிலை வராது.

கல்லின் இனம், எடை, செய்திருக்கும் செயல்முறை, நிரப்பியிருந்தால் எதை நிரப்பியது, பரிசோதனைக் கூடத்தில் காட்டித் திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம். இவ்வளவும் பில்லில் இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். அடுத்த முறை உங்களிடம் கல் வாங்க வரும்போது பணத்தை எண்ணி வைப்பதற்கு முன்னால் அந்த இரண்டு வரியைத்தான் கேட்பேன். "சூடு பட்டது" என்று எழுதிக் கொடுத்தாலும், கல் மனதுக்குப் பிடித்துவிட்டால் வாங்கிக்கொண்டுதான் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவன்