காசு கேக்க கூச்சமா இருக்குன்னு சொன்னியே

பாப்பா,

போன்ல நீ சொன்னது மனசுலயே ஓடிட்டு இருக்கு. குளிர்காலத்துக்கு குழந்தைங்களுக்கு ஜாக்கெட் வாங்கித் தர்ற உங்க குரூப்புல உன்னை கலெக்‌ஷனுக்கு போட்டுட்டாங்க, ஆனா நாலு பேர்கிட்ட போய் டொனேஷன் கேக்க கூச்சமா இருக்கும்மா, பேசாம என் சம்பளத்துலேர்ந்தே குடுத்துடறேன்னு சொன்ன பாரு, அங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. உன் ஒருத்தி சம்பளத்துல எத்தனை ஜாக்கெட்டுடி வரும்?

நீ இருக்கற சிகாகோலயே எம்மி எவால்ட்னு ஒரு அம்மா இருந்தாங்க. நான் ரிட்டயர் ஆன ஹிஸ்டரி டீச்சர், கதை சொல்லாம விட மாட்டேன், கேளு. அவங்க அப்பா எர்லாண்ட் கார்ல்சன் ஸ்வீடன்லேர்ந்து 1853ல சிகாகோ வந்த பாதிரியார். இம்மானுவேல்னு ஒரு லூத்தரன் சர்ச்ச, அதாவது புராட்டஸ்டன்ட்ல ஒரு பிரிவு, வளர்த்தவர். கப்பல்ல வந்து எறங்கி பாஷை தெரியாம முழிச்ச ஸ்வீடிஷ் ஜனங்க முதல்ல தேடிப் போற இடம் அதுதான். 1857ல உங்க ஊர் பக்கத்துல ஜெனீவால பொறந்தாங்க எம்மி, அதான் நீ மெட்ரா ட்ரெயின்ல ஒரு தடவை போய் ஆத்தங்கரைல போட்டோ எடுத்து அனுப்பினியே, அதே ஜெனீவா. 1871ல சிகாகோ பத்தி எரிஞ்சப்போ அந்த சர்ச்சும் போச்சு. அந்தப் பொண்ணுக்கு அப்போ 14 வயசு. எல்லாத்தையும் இழந்த ஜனங்ககிட்டயே காசு சேத்து திரும்ப கட்டணும்னா எப்படி கேட்டிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாரு.

கொஞ்ச காலம் ஸ்வீடன்ல படிச்சாங்க, அப்புறம் இல்லினாய்லயே ராக்ஃபோர்ட்ல பொண்ணுங்க படிக்கற இடத்துல, சிகாகோ ஏழைங்களுக்காக உழைச்சு நோபல் பரிசு வாங்கின ஜேன் ஆடம்ஸ் படிச்சாங்களே அதே இடம். கல்யாணம் பண்ணதும் ஒரு பாதிரியாரத்தான், ரெண்டு பொண்ணு.

விஷயம் இனிமேதான். 1892ல கான்சாஸ்ல லிண்ட்ஸ்போர்க்ங்கற ஊர்ல அவங்க சபையோட மாநாடு, முடிவெடுக்கறதெல்லாம் ஆம்பளைங்க. அங்க பொம்பளைங்க ஒண்ணு சேந்து மிஷன் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, எம்மிதான் தலைவர், 1935 வரைக்கும் அவங்களேதான்! 43 வருஷம் ஒருத்தரே நாற்காலில இருக்கறது எனக்கு அவ்வளவா பிடிக்கல, அது வேற விஷயம். ஆனா அவங்க பணக்காரி கிடையாது பாப்பா. கைல இருந்து எடுத்துக் குடுத்த வள்ளல் இல்ல, கேட்டு வாங்கின வள்ளல். ஒவ்வொரு ஊர் சர்ச்சுலயும் கிளை, வீட்டு வேலைக்கு போற பொண்ணுங்க, விவசாயி பொண்டாட்டிங்க குடுத்த சில்லறை எல்லாம் மேல வந்து சேரும், எங்க போச்சுன்னு அவங்களுக்கே பத்திரிகை போட்டு சொல்லுவாங்க, 1906லேர்ந்து அது வந்துச்சு. நீயும் குடுத்தவங்களுக்கு கணக்கு சொல்லணும், மறந்துடாத.

அந்தக் காசு எங்க வந்துச்சு தெரியுமா, நம்ம பழைய மெட்ராஸ் மாகாணத்துக்கு! கோதாவரிக்கரை ராஜமுந்திரில பொம்பளைங்களுக்கும் குழந்தைங்களுக்கும் ஆஸ்பத்திரி. அந்தக் காலத்துல ஆம்பளை டாக்டர் முன்னாடி போக மாட்டேன்னு வீட்டுக்குள்ளயே செத்த பொம்பளைங்க எத்தனை பேர். இல்லினாய்ல ராக் ஐலண்ட்ங்கற ஊர்ல அகஸ்டானா காலேஜ்ல பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் கட்டவும் இவங்கதான் காசு திரட்டினாங்க, அந்த கட்டடத்துக்கு இன்னைக்கு அவங்க பேரு.

1902ல வாஷிங்டன் போய் காங்கிரஸ், அதான் அமெரிக்க பார்லிமெண்ட், அதோட கமிட்டி முன்னாடி நின்னு பொம்பளைங்களுக்கு ஓட்டுரிமையும் கேட்டாங்க. அது நாடு முழுக்க கிடைச்சது 1920ல, அப்போ அவங்களுக்கு 62 வயசு. புருஷன் 1909லயே போயிட்டாரு. கடைசி காலத்துல நியூயார்க்ல பெண்கள் தங்கற ஒரு விடுதிய நடத்திட்டு இருந்தாங்க, 1946ல போனப்போ வயசு 89. இவ்ளோ வருஷத்துல எத்தனை பேர் மூஞ்சிய திருப்பிட்டு போயிருப்பாங்க, சொல்லு.

சரி, எத்தனை ஜாக்கெட், ஒண்ணு என்ன விலைன்னு எழுதி வாட்ஸாப்புல அனுப்பு. லிஸ்டுல மொதல்ல என் பேர போடு. அப்பாகிட்ட நீயே போன் பண்ணி கேளு, நான் சிபாரிசு பண்ண மாட்டேன். சாயங்காலம் காபி குடிச்ச அப்புறமா கேளு, அதுக்கு முன்னாடி வேணாம்.

அம்மா