டவுன் ஹாலில் 'முதன்முறையாக'வா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தைப் (எங்களுக்கு அது டவுன் ஹால்) பற்றி அரைப் பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. முன்பு ஒரு தடவை ரிப்பன் மாளிகையின் படத்தைப் போட்டுக் கீழே 'விக்டோரியா ஹால்' என்று அச்சடித்தீர்களே, அந்த மாதிரி இல்லை. அதற்கே நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி: 'புதுப்பொலிவு பெற்ற இந்த அரங்கில் முதன்முறையாகத் திரைப்படங்களும் லைவ் மியூசிக்கும் இடம்பெற உள்ளன.'

முதன்முறையாக! அந்த வார்த்தையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததில் காபி ஆறிவிட்டது.

தங்களுக்குத் தெரியாதது இல்லை. இந்த ஊரில் முதன்முதலாகப் படம் காட்டியதே அந்த மண்டபத்தில்தான். 1897-ல் ஓர் ஐரோப்பியர் அங்கே துண்டுத் துண்டாகச் சில மௌனப் படங்களை ஓட்டினார். பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியது 1895 டிசம்பரில். அதற்கப்புறம் இரண்டே வருடத்துக்குள் அந்த அதிசயம் டவுன் ஹாலுக்கு வந்துவிட்டது. மவுண்ட் ரோடு எலெக்ட்ரிக் தியேட்டர் 1913, ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி 1914. எல்லாமே பின்னால் வந்தவை. அப்படிப்பட்ட மண்டபத்துக்கு 'முதன்முறையாக' சினிமா வருகிறதாம். பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணைப் பார்த்து 'யாரும்மா நீ, ஊருக்குப் புதுசா?' என்று கேட்பது போல இருக்கிறது.

இசைக்கு வருவோம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். அவர்கள் நாடகம் போட்ட மேடை அது. அந்தக் கால நாடகம் என்றால் பாட்டு. ஹார்மோனியக்காரர் உட்காராமல் திரை தூக்க மாட்டார்கள். மௌனப் படங்களுக்குக் கூடப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது வாசித்தால்தான் கூட்டம் அமைதியாக இருக்கும். படம் ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம் என்பது நூறு வருடத்துக்கு முந்தைய பழக்கம். தங்கள் நிருபர் அதற்கு 'லைவ் மியூசிக்' என்று பெயர் வைத்துப் புதுமையாக்கிவிட்டார். தமிழ்ப் பத்திரிகையில் 'கச்சேரி' என்ற சொல்லுக்கு என்ன தடை என்று புரியவில்லை. சரி, அது என் வயதின் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் வண்ண விளக்குக்கு ஏழு வரி, செல்ஃபி எடுக்க எந்த இடம் தோது என்பதற்கு நாலு வரி. சிஷோம் வரைந்து கொடுக்க, ஹைகோர்ட்டைக் கட்டிய அதே நம்பெருமாள் செட்டியார் கட்டிய கட்டடம் இது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வரி இல்லை. நீதிக்கட்சிக்கு வித்திட்ட 1916 நவம்பர் கூட்டம் அங்கேதான் நடந்தது. அதற்கும் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நான் யார் இதையெல்லாம் சொல்ல என்று தோன்றலாம். 1974-லிருந்து 31 வருடம் வடசென்னையில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவன். இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மூர் மார்க்கெட்டுக்குப் பழைய புத்தகம் வாங்கப் போவேன். அது 1985-ல் எரிந்துபோனது. போகும்போதெல்லாம் அப்பா டவுன் ஹாலின் சிவப்புக் கட்டடத்தைக் காட்டி, 'உங்க தாத்தா அங்க நாடகம் பார்த்திருக்கார்டா' என்பார். உள்ளே கூட்டிப்போனதில்லை. பிற்பாடு அது பூட்டிக் கிடந்த வருடங்களில், பஸ்ஸிலிருந்து பார்த்தால் சுவர் இடுக்கில் அரசமரம் முளைத்திருப்பது தெரியும். பக்கத்தில் மெட்ரோவுக்குத் தோண்டியபோது விழுந்துவிடுமோ என்றுகூடப் பயந்தேன். இப்போது மாநகராட்சி சீர் செய்து திறந்ததில் எனக்கு இருக்கும் சந்தோஷம் தங்கள் நிருபருக்கு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

'லைவ் மியூசிக்' என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னி, ஹவுஸ்ஃபுல். ஊரே பாடிக்கொண்டிருந்த ஒரு பாட்டு ஆரம்பிக்கிற நேரத்தில் சவுண்டு பக்கத்துச் சின்ன பல்பு போய்விட்டது. படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. ரீலை நிறுத்தினால் நாற்காலியை உடைப்பார்கள். ஓடவிட்டபடியே பல்பைக் கழற்றினேன். கொதிக்கிறது, விரல் பொத்துப்போயிற்று. கீழே விசில் வரும் என்று பார்த்தால், பெஞ்சு டிக்கெட்காரர்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் பத்துப் பேர், அப்புறம் மொத்த அரங்கமும். நடிகரின் உதட்டைப் பார்த்துக்கொண்டே சரணம் வரைக்கும் வந்துவிட்டார்கள். நான் புது பல்பை மாட்டிச் சத்தம் வந்தபோது ஜனங்கள் அரை வரி முன்னால் இருந்தார்கள். ஒரே சிரிப்பு. அன்றைக்கு ஒருத்தர்கூட டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது டவுன் ஹால் இல்லை, வேறு இடம். பழசைப் புதுப்பித்த ஓர் அரங்கம், பெயர் வேண்டாம். போன வருடம் தங்கள் பத்திரிகையில் பார்த்துத்தான் மனைவியோடு போனேன். முதலில் பழைய கறுப்பு வெள்ளைப் படம், பிறகு அதே படத்தின் பாடல்களை மேடையில் பாடுவார்கள் என்று போட்டிருந்தீர்கள். படம் ஆரம்பித்ததுமே எனக்கு வயிறு கலங்கியது. அந்தக் காலத்துப் படம் அகலம் நாலு என்றால் உயரம் மூணு, அதாவது நாலுக்கு மூணு என்ற அளவில் எடுத்தது. திரை அகலமாக இருந்தால் இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு நடுவில்தான் காட்ட வேண்டும். இவர்கள் திரை முழுக்க இழுத்துவிட்டிருந்தார்கள். கதாநாயகி முகம் இட்லித் தட்டு மாதிரி. பாட்டில் நிலா வருகிறது, அது முட்டை. பக்கத்தில் இருந்தவர் 'அருமையான பிரிண்ட் சார்' என்கிறார்.

பொறுக்காமல் எழுந்து பின்னால் போனேன். லேப்டாப்போடு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பக்குவமாகத்தான் சொன்னேன். 'ஃபுல் ஸ்க்ரீன்ல இருந்தாத்தான் அங்கிள் நல்லா இருக்கும், சைடுல கறுப்பா விட்டா ஜனங்க கேப்பாங்க' என்றான். கேட்ட ஒரே ஜனம் நான்தான். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மனைவி 'வீட்லதான் இப்படின்னா இங்கேயுமா' என்றாள். பாடியவர்கள் நன்றாகப் பாடினார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தங்கள் இதழில் ஒன்பது மணிக்கு முடியும் என்று இருந்த நிகழ்ச்சி பத்தே முக்காலுக்கு முடிந்தது. பெரம்பூருக்கு ஆட்டோவுக்குக் கொடுத்ததில் இன்னும் நாலு டிக்கெட் வாங்கியிருக்கலாம்.

அது பற்றி அப்போதே தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். தாங்கள் பெருந்தன்மையோடு மூன்று வரி வெளியிட்டீர்கள். படத்தின் அளவு பற்றியது போய், 'பாடல்கள் இனிமை' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. பெயரும் தப்பு, ஊர் பெரம்பலூர். உறவினர்கள் போன் செய்து எப்போது வீடு மாறினாய் என்று கேட்டார்கள்.

இனி அந்த மண்டபத்தில் என்றைக்கு என்ன படம், யார் கச்சேரி என்று தெரிந்துகொள்ள ஆசை. தங்கள் கட்டுரையின் கீழே 'முழு விவரங்களுக்கு' என்று போட்டு, தபால் தலை அளவில் ஒரு க்யூஆர் கோடு. என்னிடம் இருப்பது பட்டன் போன். பேரன் பெங்களூரில் இருக்கிறான். முன்பெல்லாம் 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்று ஒரு முழுப் பத்தி வரும். சபா, தியேட்டர், பட்டிமன்றம், ஆன்மிகச் சொற்பொழிவு எல்லாம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் எங்கள் தியேட்டருக்கே பாதிக் கூட்டம் வந்தது. இப்போது அந்த இடத்தில் ராசிக்கல் விளம்பரம்.

ஆகவே வேண்டுகோள் இரண்டு. ஒன்று, 'முதன்முறையாக' என்பதற்கு ஒரு திருத்தம். எவ்வளவு சின்ன எழுத்தில் போட்டாலும் சரி, பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். இரண்டு, டவுன் ஹால் நிகழ்ச்சிகளை வாரம் ஒரு நாளாவது அச்சில் போடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும், டிக்கெட் என்ன விலை, கூப்பிட ஒரு போன் நம்பர். நாலு வரி போதும்.

கடிதத்தைச் சுருக்கத்தான் போகிறீர்கள். சுருக்கினால் அந்த நாலுக்கு மூணு விஷயத்தை மட்டும் வெட்டாமல் போடுங்கள். மண்டபத்தில் மிஷின் ஓட்டப்போகிற பையன் யாராவது படிப்பான்.

போன முறை பெயர் பட்ட பாட்டை நினைத்து, இந்த முறை பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆபரேட்டர்,
பெரம்பூர் (பெரம்பலூர் அல்ல).