அலங்காரத்துக்கு உள்ளே இருப்பவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சிலைத் திருட்டு பற்றிய கட்டுரை படித்தேன். கேமரா, அலாரம், இரும்புக் கதவு எல்லாம் சரி. ஆனால் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலும் பூட்டித்தான் கிடந்தது. பாதுகாப்புக்காகச் சிலைகளை வேறிடம் கொண்டுபோக 2008இல் அதிகாரிகள் வந்து திறந்தபோதுதான் அவை களவு போனதே தெரிந்தது. அந்தக் கோயில் நடராஜர் அதற்குள் ஆஸ்திரேலியாவில், கான்பெரா அருங்காட்சியகத்தில் இருந்தார், ஏறக்குறைய 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோய்!

2014இல் அவர் திரும்பி வந்ததற்கு, அவர் கோயிலில் இருந்தபோது எடுத்து, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் வைத்திருந்த பழைய புகைப்படம் பெரிய சாட்சி. அங்குள்ளவர்கள் 1956 முதல் ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் படமெடுத்து வைத்தார்கள். திருடனை நினைத்து அல்ல, ஆய்வுக்காக.

எங்கள் ஊரில் இருப்பது ஒரு கால பூஜைக் கோயில். திருப்பணிக் குழுவில் இருந்தபோது சொத்துப் பதிவேட்டைப் புரட்டினேன். 'அம்மன், செம்பு, 1' என்று ஒரே வரி. உயரம் இல்லை, எடை இல்லை. பிறந்ததிலிருந்து கும்பிடுகிற அம்மன்தான், ஆனால் பட்டும் மாலையும் இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது. யாராவது போலியை வைத்துப் பட்டுக் கட்டிவிட்டால், அதன் முன்னாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு திருநீறு வாங்கி வந்திருப்பேன்.

குருக்களிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "இடது கால் சுண்டுவிரல் மழுங்கியிருக்கும். பீடத்துக்குப் பின்னால ஒரு குழி, எண்ணெய்க் காப்பு சாத்தினா அங்கதான் தங்கும், துணியால ஒத்தி எடுக்கணும்" என்றார். அவர் தாத்தா காலத்திலிருந்து கை அறிந்த விஷயம். எழுத்தில் எங்கும் இல்லை.

சின்னக் கோயில்களில் கேமரா மாட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யலாமே? குருக்களின் சம்மதத்தோடு, அலங்காரம் இல்லாத நேரத்தில் நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும். அளவும் எடையும் குறிக்க வேண்டும். அப்புறம் அவரை உட்கார வைத்து, அவர் சொல்லும் அடையாளங்களை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு பிரதி கோயிலுக்கு வெளியே இருக்கட்டும். சிலையோடு பதிவேடும் போய்விட்டால் என்ன செய்வது?

எங்கள் குருக்களுக்கு 78 வயது. மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டார்.

இப்படிக்கு,
அரியலூர் மாவட்ட வாசகர் ஒருவர்