மீன் ஏறுகிற கிழமைகள்

ஸ்காபரோ, கனடா,
ஒக்டோபர் முதற்கிழமை.

அன்பின் மச்சான்,

உன் வாட்ஸ்அப் குரற்பதிவை மூன்று தரம் கேட்டேன். முதல் இரண்டு தரமும் பின்னால் சேவல் கூவியதைக் கேட்கத்தான். மூன்றாம் தரம்தான் விஷயம் காதில் ஏறியது. உன் மகள் மிசிசாகா வந்து எட்டு மாதம், சனி ஞாயிறென்றால் பிள்ளைகள் இரண்டும் ஐபாட்டும் கையுமாய்க் கிடக்கின்றன, மருமகன் வேலையால் வந்தவுடன் படுத்துவிடுகிறார். "நீ முப்பது வருஷமாய் அங்கதானே கிடக்கிறாய், எங்கயாவது போகச் சொல்லிக் குடன்ரா" என்கிறாய். வாயால் சொன்னால் நீ மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பிவிடு.

பாவம், அவள் வந்து இறங்கியது மாசிப் பனிக்குள். இந்தக் காலத்தை அவள் இன்னும் காணவில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்று தமிழ் வாத்தியார் பாடமாக்க வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஊரில் அது மழைக்குள் போய்விடும். இங்கே அது ஐந்தாறு கிழமைகள்தான். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள். அதோடு பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டு. பிறகு சித்திரை வரைக்கும் வீடுதான்.

வேலையிடத்தில் எல்லோரும் அவளைப் பூசணித் தோட்டத்துக்குப் போகச் சொல்வார்கள். போன வருஷம் நாங்களும் போனோம். தலைக்கு இவ்வளவென்று வாசலில் காசு. உள்ளே உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் கட்டுகளுக்கு மேல் இருந்து ஒரு சுற்று. சோளக் காட்டுக்குள் வழி வெட்டி, தொலைந்து போக விடுகிறார்கள். தொலைவதற்கும் வரிசையில் நிற்க வேண்டும்! எடுக்கிற பூசணிக்காய்க்கு வேறு காசு. சேற்றில் நடந்து, அதைத் தூக்கிக்கொண்டு வந்து, என் மனைவி கறி வைத்தாள். ஒரே தண்ணீர். அது முகம் வெட்டி விளக்கு வைப்பதற்கென்று வளர்க்கிற இனமாம், சட்டிக்கு உதவாது. பேத்தி அன்று முழுக்க விளையாடியது வாகனத் தரிப்பிடத்திலிருந்த சேற்றுக் குழியில்தான். குழியென்றால் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது.

அப்பிள் பிடுங்கப் போவதானால் சரி, அதுக்குக் குடுக்கிற காசுக்குத் தின்னவாவது ஏதும் மிஞ்சும். அதைக் கெதியாய்ப் போகச் சொல், தோட்டங்கள் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். மக்கின்ரொஷ் என்று ஒரு இனம், புளிப்பும் இனிப்புமாய் இருக்கும். 1811இல் இதே ஒன்ராறியோவில், டண்டெலா என்ற ஊரில், ஜோன் மக்கின்ரொஷ் என்ற ஒரு கமக்காரர் காணி துப்புரவாக்கும்போது தானாய் முளைத்து நின்ற கன்றிலிருந்து வந்ததாம். அப்பிள் கம்பனியின் மக் கணினிக்கும் அந்தப் பழத்தின் பெயர்தான். அதைச் சொன்ன பிறகுதான் என் பேரன் ஐபாட்டைக் கீழே வைத்தான். காயை இழுக்கக்கூடாது, உள்ளங்கையில் ஏந்தி மேலே தூக்கித் திருக வேண்டும். இழுத்தால் அடுத்த வருஷ மொட்டும் சேர்ந்து வந்துவிடும். சொல்லிக் கொடுத்தேன். கேட்டான். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்துப் பைக்குள் போட்டிருக்கிறான்.

ஆனால் மச்சான், நான் சொல்ல வந்தது ஆற்றைப் பற்றி.

செப்டெம்பர் கடைசியில் தொடங்கி ஒக்டோபர் முழுக்க ஒன்ராறியோ ஏரியிலிருந்து சமன் மீன்கள் முட்டையிட ஆறுகளுக்குள் ஏறும். நாங்கள் ரின்னுக்குள் கண்ட சமன் இல்லை, உயிரோடு, கை நீளத்துக்கு. ஸ்காபரோவில் ஹைலன்ட் கிறீக்கில் ஏறும், மோர்னிங்சைட் பூங்காவில் நின்று பார்க்கலாம். போர்ட் ஹோப் போனால் கனரஸ்கா ஆற்றில் மீன் ஏறுவதற்கென்றே படி கட்டி வைத்திருக்கிறார்கள். உன் மகளுக்குப் பக்கத்தில் கிரெடிட் ஆறு. அதிலும் ஏறும். ஆனால் கார் இல்லை என்றாயே, அதனால் ஹம்பர் ஆறுதான் சுகம். மிசிசாகா பஸ்ஸில் கிப்ளிங் ஸ்டேசனுக்கு வந்து சுரங்க ரயில் எடுத்தால் மூன்றாவது தரிப்பு ஓல்ட் மில். அங்கிருந்து நடை. பார்க்கக் காசில்லை.

போன ஞாயிறு விடிய வெள்ளன போனோம். முதல்நாள் மழை பெய்திருந்தது, மழைக்குப் பிறகுதான் நல்லாய் ஏறும். ஆறு தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. கரைப் பாதையால் கொஞ்சம் மேலே நடக்க, ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கொங்கிரீட் தடுப்பு. பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பேரன் "போவம்" என்று தொடங்கிவிட்டான். அப்போது பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் ஒன்றும் பேசாமல் விரலை நீட்டினார். நுரைக்குள்ளிருந்து ஒரு மீன் எழும்பி, கொங்கிரீட்டில் நெஞ்சடித்து, பின்னால் விழுந்தது. அந்தச் சத்தம், ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி. திரும்ப எழும்பியது. திரும்ப விழுந்தது. வால் தேய்ந்து வெள்ளையாகி, முதுகில் தோல் உரிந்து கிடந்தது. பேத்தி எண்ணத் தொடங்கினாள். ஏழு தரம் விழுந்தது. எட்டாம் தரம் விளிம்பில் வயிறு பட்டு, வாலை இரண்டு அடி அடித்து, அந்தப் பக்கம் போய்விட்டது. கரையில் நின்ற முப்பது நாற்பது பேரும் கை தட்டினார்கள். சீனக் கிழவரும் நானும் கை கொடுத்துக்கொண்டோம், ஏதோ நாங்கள் தள்ளிவிட்ட மாதிரி.

பாசையூர் மீன் சந்தையில் நின்றவனுக்குப் புத்தி எங்கே போகும்? இவ்வளவு பெரிய மீனைச் சும்மா விட்டுவிட்டுப் போவதா என்று எனக்கு உள்ளே ஒரு அரிப்பு. மனைவி என் முகத்தைப் பார்த்தே, "ஆத்துக்குள்ள வந்தபிறகு அது சாப்பிடாதாம், சதை சத்தில்லையாம், பேசாமல் நில்லுங்கோ" என்றாள்.

முட்டையிட்டதும் அவை செத்துப்போகும். கரையோரம் ஒன்றிரண்டு கிடந்தன, மணமும் இருந்தது. பிள்ளைகளுக்கு மறைக்கவில்லை. பேரன் ரயிலில் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பப்பா, அப்ப குஞ்சுகளுக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது?" என்று கேட்டான். தாங்களே தேடித் தின்று, ஏரிக்குப் போய், மூன்று நாலு வருஷத்தில் பெருத்துத் திரும்பி வரும் என்றேன். "வழி ஆர் சொல்லிக் குடுக்கிறது?" பிறந்த ஆற்றுத் தண்ணீரின் மணத்தை வைத்துத்தான் வருகிறதாம் என்றேன்.

நில், நீ உடனே பேனாவை எடுத்து ஊர் திரும்புதல் என்று கவிதை எழுதத் தொடங்காதே. இந்த ஏரியில் முதல் இருந்த சமன் வேறு இனம். மில்லுகளுக்கு ஆற்றை மறித்தும், காட்டை வெட்டியும், கண்டபாட்டுக்குப் பிடித்தும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அதை ஒழித்துவிட்டார்கள். இப்போது ஏறுகிற சினூக், 1960களின் கடைசியில் பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்ட இனம். இதுகளின் பாட்டன் பூட்டனுக்கு ஹம்பர் ஆறு எதென்றே தெரியாது. இதுகளுக்கு இதுதான் ஊர்.

அந்த ஆற்றங்கரை பூங்காவாய்க் கிடப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1954 ஒக்டோபரில் ஹேசல் என்ற சூறாவளி வந்து ஹம்பர் பெருக்கெடுத்தது. ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் ஒரே இரவில் 35 பேர், கனடாவில் மொத்தம் 81 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் வெள்ளம் ஏறும் நிலத்தில் வீடு கட்ட விடாமல் பூங்காவாக்கினார்கள்.

இன்னொன்று சொல்கிறேன், மருமகனிடம் சொல்வதும் விடுவதும் உன் விருப்பம். என் பிள்ளைகளை நான் இங்கெல்லாம் கூட்டிப்போனதில்லை. சனி ஞாயிறு ஓவர்டைம். மகன் முதன்முதலாய்ச் சமன் ஏறுவதைக் கண்டது 36 வயதில், தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலம் அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி நின்றான்.

இலை பார்க்க அல்கொன்குயின் போகச் சொல்வார்கள். 1893இல் தொடங்கின பெரிய காடு, வடிவுதான், ஆனால் மூன்று மணித்தியாலக் கார் ஓட்டம். அங்கே மேப்பிள் சிவப்பு இந்தக் கிழமையோடு கொட்டத் தொடங்கிவிடும். ரொறன்ரோவில் இலை இரண்டு கிழமை பிந்தித்தான் நிறம் மாறும். அதற்கு எங்கள் பக்கத்து ரூஜ் பூங்கா போதும். மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நடைபாதை, மேடையில் ஏறி நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: உண்ணி இருக்கிறது, லைம் என்ற வருத்தத்தைக் கொண்டுவரும். சொக்ஸை நீளக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்பக்கம், காதடி எல்லாம் பார்க்கச் சொல்.

கடைசியாய், ஹலோவீனுக்கு மறுநாள், நவம்பர் முதலாம் திகதி இரவு. வெட்டின பூசணிக்காய்களைச் சனம் பூங்காக்களுக்குக் கொண்டுவந்து வரிசையாய் வைத்து விளக்கேற்றும். மேற்குப் பக்கம் சொரோரன் பூங்காவில் பார்த்தேன். நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன வெளிச்சம், கார்த்திகை விளக்கீடுதான். மறுநாள் மாநகரசபை அள்ளிக்கொண்டு போய் உரமாக்கிவிடும். அதற்கும் காசில்லை.

வருகிற ஞாயிறு நாங்கள் திரும்ப ஹம்பருக்குப் போகிறோம். திங்கள் தாங்ஸ்கிவிங் லீவு, மருமகனுக்கும் அலுப்பிருக்காது. எட்டு மணிக்கு ஓல்ட் மில் பாலத்தடியில் நிற்பேன். மீன் ரோல்ஸும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் என் பொறுப்பு, மாற்றுச் சொக்ஸ் அவள் பொறுப்பு.

அவளுடைய நம்பரை அனுப்பு. போன தரம் நீ அனுப்பினது உன்னுடைய நம்பர்.

உன் நண்பன்