பெட்டிகள் பிழைத்தன: கோஷன் ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊராருக்கு,

நியூயார்க் மாநிலத்து நம் கோஷனின் பழைய குதிரைப் பந்தய நிகழ்ச்சி நிரல்கள் இருந்த பெட்டிகள் பிழைத்துவிட்டன. என் வீட்டு நிலவறையில் அன்று இரவு தண்ணீர் புகுந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல மனம் வரவில்லை.

நனைந்த காகிதத்தில் இரண்டு மூன்று நாளில் பூசணம் ஏறிவிடும். உறைய வைத்தால்தான் அவகாசம் கிடைக்கும். ஆனால் அத்தனை பெட்டிகளையும் எந்த ஃப்ரீசர் தாங்கும்? ஐஸ்கிரீம் கடை அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. யாரோ சொல்லி, வேனோடு வாசலில் வந்து நின்றார். விற்பனைக்கு இருந்த சரக்கை அக்கம்பக்கத்தாருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு ஒரு ஃப்ரீசரையே காலி செய்திருந்தார். வாழ்க்கையில் ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்லையாம். "நம்ம ஊர்க் காகிதம்தானே, உள்ளே வைங்க" என்றார். அவ்வளவுதான். வாடகை பற்றிப் பேச்செடுத்தபோது கோபித்துக்கொண்டார்.

அம்மா, நீங்கள் காப்பாற்றியது என்ன தெரியுமா? ஊர் நடுவே இருக்கும் அரை மைல் தடத்துக்கு 1838 முதல் வரலாறு உண்டு; 1966இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்துவிட்டார்கள். அதைக் காக்க ஆள் இருக்கிறது. ஆனால் ஹாம்பிள்டோனியன் என்னும் பெரிய வண்டிக் குதிரைப் பந்தயம் 1930 முதல் 1956 வரை, ஒரு போர்க்கால ஆண்டு தவிர, நடந்தது குட் டைம் பார்க்கின் ஒரு மைல் தடத்தில். 1935இல் கிரேஹவுண்ட் என்ற குதிரை வென்றதும் அங்கேதான். 1957இல் பந்தயம் இல்லினாய் மாநிலத்துக்குப் போனது. அந்தத் தடம் இன்று இல்லை. மிச்சம் இருப்பது இந்த நிகழ்ச்சி நிரல்கள்தான். வண்டி பூட்டிய குதிரை, எதிரெதிர் மூலைக் கால்கள் சேர்ந்து எழும் ட்ராட் நடையை விட்டு நாலுகால் பாய்ச்சலுக்கு மாறினால், ஓட்டுபவர் அதை இழுத்துப் பிடித்து மறுபடி நடைக்குக் கொண்டுவர வேண்டும். எந்தக் குதிரை எங்கே நடை தவறியது என்று பார்த்தவர்கள் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார்கள். மை கரைந்த பக்கங்களிலும் அந்தப் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது!

அப்புறம், மின்விசிறி கொண்டுவந்தவர்கள், பொறுமையாகப் பக்கம் பிரித்தவர்கள், விடியும்வரை வாளி சுமந்த லாயத்துப் பையன்கள், எல்லோருக்கும் சாப்பாடு அனுப்பிய வீடுகள்: உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இனி இவை ஒரே கூரையின் கீழ் இருக்காது. உலர்ந்த ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து, கேட்பவர்களுக்கெல்லாம் பிரதி தருவேன். முதல் பிரதி ஐஸ்கிரீம் கடைக்கு.